பறட்டைத் தலையோடு எழும் குழந்தை: காலைத் தலைவாரல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வயது முதல் மூன்றரை வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியது. மதுரை வெயில், போர் தண்ணீர், தொட்டில் சேலை, கோரைப்பாய் எல்லாம் முடியைப் பாதிக்கிற விஷயங்கள் என்பதால் அவையும் பதில்களில் வரும்.

இரவு நன்றாகச் சீவித்தான் படுக்க வைக்கிறோம். காலையில் ஏன் நாலாபக்கமும் குத்திட்டு நிற்கிறது?

வியர்வையும் ஃபேனும்தான் காரணம். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் நெகிழும், காய்ந்தால் மறுபடி இறுகும். மதுரையில் பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் இரவில் குழந்தையின் தலை வியர்த்து நனைகிறது. ஃபேன் காற்றில் அதே ராத்திரியில் காய்ந்தும் விடுகிறது. காயும்போது முடி எந்தப் பக்கம் மடிந்து கிடந்ததோ, அந்த வடிவத்திலேயே இறுகிப்போகிறது. குழந்தையின் முடி மெலிசு, கனமில்லாதது, நீளமும் குறைவு. அதனால் தன் எடையில் தானாகப் படியவும் செய்யாது.

இதிலிருந்தே வழியும் தெரிகிறது. ஈரத்தில் வந்த கோணல் ஈரத்தில்தான் போகும். காய்ந்த முடியை எவ்வளவு அழுத்திச் சீவினாலும் பத்து நிமிடத்தில் மறுபடி எழுந்து நிற்கும். குழந்தைக்கு வலித்ததுதான் மிச்சம்.

சரி, காலையில் எந்த வரிசையில் செய்வது?

முடியின் நுனியில் தண்ணீர் தடவுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிற தவறு. கோணல் வேரில் இருக்கிறது, நுனியில் இல்லை. கையை நனைத்து, விரல் நுனிகளை முடிக்குள் விட்டு, குத்திட்டு நிற்கும் இடத்தின் வேரை நன்றாக நனையுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். தொட்டால் குளுமையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அரை நிமிடம் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் சட்டையை மாட்டலாம்.

அடுத்தது விரலால் சிக்குப் பார்ப்பது. சீப்பை எடுக்கும் முன் விரல்களைத் தலைக்குள் ஓட்டினால் சிக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் முடிக்கற்றையை, சிக்குக்கு மேலே, தலைக்குப் பக்கமாக, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் இழுக்கிற இழுப்பெல்லாம் உங்கள் விரலோடு நின்றுவிடும்; தலைத்தோலுக்குப் போகாது. அழுகையில் பாதி இந்த ஒரு பிடியில் குறையும்.

பிறகு நுனியிலிருந்து தொடங்குங்கள். கடைசி இரண்டு விரல் நீளம் சீவி, அது வழுக்கிக்கொண்டு வந்த பிறகு இன்னும் இரண்டு விரல் மேலே போங்கள். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் வழியில் உள்ள சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழே இறங்கி ஒரே முடிச்சாகச் சேரும். அதன்பின் அது லேசில் பிரியாது.

சிக்கு போனதும் வகிடு எடுத்து, வேண்டிய பக்கம் சீவி, உள்ளங்கையால் பத்து பதினைந்து நொடி லேசாக அழுத்தி வையுங்கள். காயும் வரை அந்த வடிவத்தில் இருந்தால்தான் படியும். மேலே ஒரு பருத்தித் துண்டை ஐந்து நிமிடம் தளர்வாகச் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது.

வெறும் தண்ணீர் போதுமா? எதையாவது கலக்கலாமா?

குட்டை முடிக்கும் நேர் முடிக்கும் வெறும் தண்ணீரே போதும். சுருட்டை முடிக்கும் தோளைத் தொடும் நீளத்துக்கும் வழுக்கல் தேவை. 100 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, வாசனை குறைந்த கண்டிஷனரைக் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள். தண்ணீர் சேர்ந்ததும் கண்டிஷனரில் உள்ள பதப்படுத்தும் பொருள் நீர்த்துப்போகும் என்பதால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் சீக்கிரம் கெடும். முகத்துக்கு நேரே அடிக்காதீர்கள். உங்கள் கையில் அடித்து முடியில் தடவுங்கள்.

கண்டிஷனர் வேண்டாம் என்பவர்கள் தலைக்கு ஊற்றும் நாளில் செம்பருத்தி இலையைப் பயன்படுத்தலாம். பத்து இலையை ஒரு டம்ளர் தண்ணீரில் கையால் கசக்கினால் கொழகொழவென்று சாறு இறங்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தடவி, அந்த வழுக்கலிலேயே சிக்கு எடுத்து, அலசிவிட வேண்டும். வடிகட்டாமல் தேய்த்தால் இலைத் துணுக்குகள் முடியோடு ஒட்டிக்கொண்டு அதுவே புதுச் சிக்காகிவிடும். ஊறவைத்த வெந்தயத்தின் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும்.

எந்தச் சீப்பு வாங்குவது?

பெரிய பல், பற்களுக்கிடையே நல்ல இடைவெளி, உருண்ட முனை. வாங்கும்போது உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் அழுத்தி இழுத்துப் பாருங்கள். கீறினால் வேண்டாம். மலிவான பிளாஸ்டிக் சீப்புகளில் பல்லின் ஓரத்தில், அச்சு வார்த்த இடத்தில், ஒரு மெல்லிய கூர் விளிம்பு இருக்கும். முடியை அறுப்பது அதுதான். மரச்சீப்பில் அந்த விளிம்பு இருக்காது. வறண்ட நாட்களில் முடி சீப்போடு ஒட்டிப் பறப்பதும் குறையும். ஆனால் மரச்சீப்பை ஊற வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கை பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்து, உடனே துடைத்து நிழலில் காய வையுங்கள்.

மெலிந்த பல் கொண்ட சீப்பு கடைசியில் வகிடு எடுக்க மட்டும்.

பிடரியில் மட்டும் முடி திரண்டு கெட்டியாகிவிடுகிறது. ஏன் அங்கே மட்டும்?

படுத்துப் புரளும்போது தேய்கிற இடம் அது. தொட்டில் சேலையில் தூங்கும் குழந்தைக்கு இரண்டு பக்கத்துணியும் சேர்ந்து தேய்ப்பதால் இன்னும் அதிகம். கோரைப்பாயில் நேராகத் தலை வைத்துப் படுத்தால் கோரையின் பிசிறுகளில் முடி மாட்டும். புதுத் துணியும் கஞ்சி போட்ட துணியும் சொரசொரப்பானவை. பலமுறை துவைத்து மெலிந்துபோன பழைய பருத்திச் சேலை தொட்டிலுக்கு நல்லது. பாயில் படுத்தால் தலைமாட்டில் ஒரு வழவழப்பான துணியை இறுக்கமாக, சுருங்காதபடி பாயின் அடியில் செருகி விரியுங்கள். முடி பிடரிக்குக் கீழே இறங்கியிருந்தால் இரவில் தளர்வாக ஒரு பின்னல் போடலாம்.

திரண்டுபோனதைப் பிரிக்க அவசரம் கூடாது. அந்த இடத்தில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது கண்டிஷனரைத் தடவி, விரலால் அழுத்தி உள்ளே இறக்கி, ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு கட்டியை விரலால் பக்கவாட்டில் இரண்டாக, நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக நுனியிலிருந்து எடுங்கள். சீப்பின் ஓரப் பல் ஒன்றை மட்டும் முடிச்சுக்குள் விட்டு நெம்பினால் நன்றாகப் பிரியும். அப்படியும் வராவிட்டால் கத்தரிதான். கட்டிக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி வைத்து, சீப்புக்கு மேலே, முடியின் நீளவாக்கில், அதாவது கட்டியைப் பிளப்பது மாதிரி வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் பிடரியில் சொட்டையாகத் தெரியும். நீளவாக்கில் வெட்டினால் பாதி முடி தப்பும்.

சீப்பைப் பார்த்தாலே அழுது ஓடுகிறாள். பிடித்து உட்கார வைத்துத்தான் சீவ வேண்டியிருக்கிறது.

முன்பு வலித்ததை நினைவில் வைத்து ஓடுகிறாள். அது அடமில்லை. தலைத்தோல் கூருணர்வு மிகுந்த இடம். அமுக்கிப் பிடித்துச் சீவினால் காரியம் அன்றைக்கு நடக்கும். மறுநாள் இன்னும் தூரம் ஓடுவாள்.

ஒரு வாரத்துக்குச் சிக்கு எடுக்கும் வேலையைக் காலையிலிருந்து எடுத்து, மாலைக் குளியலுக்குப் பின்னால் மாற்றுங்கள். அப்போது முடி ஈரம், குழந்தையும் நிதானமாக இருக்கும், உங்களுக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இல்லை. காலையில் மேலாக ஒரு சீவல் மட்டும். உங்கள் மடியில் முதுகு காட்டி, கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். அவள் கையில் இன்னொரு சீப்பைக் கொடுத்து, பொம்மைக்கோ உங்களுக்கோ சீவச் சொல்லுங்கள். "பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சிடுவேன் பாப்பா" என்று சொன்னால் பத்தில் நிறுத்திவிட வேண்டும், சிக்கு மிச்சமிருந்தாலும். சொன்ன சொல்லில் நின்றால் மறுநாள் அவளே வந்து உட்காருவாள். இந்த ஒன்றில் அப்பத்தா, அம்மாச்சி உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம்.

இட்லி ஊட்டிக்கொண்டே சீவுவது வேண்டாம். முடி தட்டில் விழும். திமிறும்போது புரையேறவும் வாய்ப்பு உண்டு.

எண்ணெய் வைத்தால் படிந்து நிற்கிறதே. தினமும் வைக்கலாமா?

எண்ணெயின் கனத்தில் படிகிறது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அளவுதான் பிரச்சினை. குட்டை முடிக்கு நாலு சொட்டு போதும். இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துவிட்டு, முடியின் மேல் மட்டும் தடவுங்கள். தலையில் ஊற்றி நெற்றியில் வழிந்தால் அது வெயிலில் வியர்வையோடும் தெருப் புழுதியோடும் சேர்ந்து தோலை அடைக்கும். நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் எண்ணெயை நிறுத்திப் பாருங்கள். விளக்கெண்ணெய் காலை நேரத்துக்கு ஆகாது. கெட்டியாக இருப்பதால் முடியை ஒன்றோடொன்று ஒட்டி, அலசும்போது சிக்கைக் கூட்டும்.

வெள்ளி, சனி எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன் தலைக்குப் போதுமானது. பதினைந்து இருபது நிமிடத்தில் குளிப்பாட்டி விடுங்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட வேண்டாம்.

போர் தண்ணீரில் குளிப்பாட்டுகிறோம். முடி நார் நாராக நிற்கிறது.

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகி முடியில் ஒட்டும். பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, தலையிலும் அதே படிவுதான். அதனால் குழந்தையின் தலைக்குச் சோப்பு போடாதீர்கள். குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பு, பட்டாணி அளவு, வாரத்துக்கு இரண்டு முறை. வெயில் காலத்தில் மூன்று. மற்ற நாட்களில் வெறும் தண்ணீர். கடைசியாக அலச மட்டும் இரண்டு மக் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ எடுத்து வையுங்கள். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேவையில்லை. கடைசி அலசல் நல்ல தண்ணீராக இருந்தாலே வித்தியாசம் தெரியும். எலுமிச்சை, வினிகர் ஊற்றுவது பெரியவர்களுக்குச் சரி. குழந்தையின் கண்ணில் பட்டால் எரியும்.

சீயக்காய், அரப்பு?

அரப்பு என்பது உசில மரத்து இலைப்பொடி. மதுரைக்கு மேற்கே அது இன்றும் பல வீடுகளில் புழங்குகிறது. எண்ணெயை நன்றாக எடுக்கும், முடியும் மிருதுவாகும். இரண்டும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதே சிக்கல். மூன்று வயது வரை தள்ளி வைக்கலாம் என்பது எங்கள் கருத்து. அதன் பிறகு வடிகஞ்சியில் நீர்க்கக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, குழந்தையை மல்லாக்கச் சாய்த்து, பின்னந்தலையில் ஊற்றித் தேயுங்கள்.

ரெட்டைச் சுழி. எப்படிச் சீவினாலும் உச்சியில் நிற்கிறது.

நிற்கத்தான் செய்யும். சுழி என்பது முடி தோலிலிருந்து முளைக்கிற கோணம். பிறக்கும் முன்பே தீர்மானமானது. ரெட்டைச் சுழி சேட்டைக்கு அடையாளமும் இல்லை, சீவிச் சரிசெய்யும் குறையும் இல்லை. சுழி சுற்றுகிற திசையிலேயே சீவுங்கள், எதிர்த்துச் சீவினால் விசிறி மாதிரி விரியும். முடி வெட்டுகிறவரிடம் உச்சியில் ஒட்ட வெட்ட வேண்டாம், இரண்டு விரல் நீளம் விடுங்கள் என்று சொல்லுங்கள். நீளத்தின் கனத்தில் ஓரளவு படியும்.

இன்னொரு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக, அடங்கி வளருமா?

வளராது. சவரக்கத்தி தோலுக்கு வெளியே உள்ளதைத்தான் எடுக்கிறது. முடியின் தடிமனும் அடர்த்தியும் தோலுக்கு உள்ளே உள்ள வேர்ப்பையில் இருக்கின்றன. மொட்டைக்குப் பிறகு முளைக்கிற முடியின் முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிமனாகத் தோன்றுகிறது. தவிர, குழந்தைக்கு வயது ஏற ஏற முடி தானாகவே கொஞ்சம் தடிக்கும். அந்தப் பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது.

நேர்த்திக்கடனுக்காக, குலதெய்வம் கோயிலிலோ, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலோ போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். அடங்காத முடிக்கு மருந்தாக மட்டும் போடாதீர்கள். போடும்போது உங்கள் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாதம் வெயிலில் தொப்பி வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் முதல் மூன்று நான்கு மாதம் முள்ளம்பன்றியாகத்தான் நிற்கும். அந்த நாட்களில் சீப்புகூட வேண்டாம், மென்மையான பிரஷ் போதும்.

உச்சிக்குழி இன்னும் மூடவில்லை. அங்கே சீவலாமா?

சீவலாம். பொதுவாக ஒன்றரை வயதுக்குள் மூடும். அதன் மேல் உள்ள சவ்வு உறுதியானது. சீப்பின் மென்மையான அழுத்தம் ஒன்றும் செய்யாது. அமுக்கித் தேய்க்க மட்டும் வேண்டாம்.

கிளிப், ரப்பர் பேண்ட், குடுமி: எதைப் போடலாம்?

மூன்று வயதுக்குள் வாய்க்குள் போகிற அளவில் எதுவும் தலையில் இருக்கக் கூடாது. மணி, முத்து, பூ ஒட்டிய சின்னக் கிளிப்புகள் ஃபேன்சி ஸ்டோரில் அழகாகத்தான் இருக்கும். ஒட்டு விட்டுப்போனால் அடுத்து வாய்தான். துணி சுற்றிய எலாஸ்டிக் பேண்ட் நல்லது. மளிகைக் கடை ரப்பர் பேண்ட் முடியைப் பிடித்துக்கொண்டு அறுக்கும். ஏற்கெனவே மாட்டிவிட்டிருந்தால் உருவாதீர்கள், பேண்டைக் கத்தரித்து எடுங்கள்.

முன்முடி கண்ணில் விழுகிற வயதுக்கு உச்சியில் ஒரு தென்னமரக் குடுமிதான் எளிது. இறுக்கமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: போட்டு முடித்ததும் புருவம் தூக்கினாற்போல் தெரிந்தாலோ, நெற்றித் தோல் இழுபட்டாலோ அவிழ்த்துத் தளர்த்துங்கள். தினமும் ஒரே இடத்தில் இறுக்கினால் அந்த ஓரத்து முடி உதிர்ந்து, நாளடைவில் முளைக்காமலே போகலாம். நாளுக்கு நாள் குடுமியின் இடத்தை மாற்றுங்கள். தூங்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மல்லிகைப்பூ வைக்காமல் அம்மாச்சி விடமாட்டார்.

வைக்கலாமே, நாலைந்து கண்ணி போதும். முழம் கணக்கில் வைத்தால் மெல்லிய முடி தாங்காது. பூ சரியும், குழந்தை பிடித்து இழுக்கும். நாரில் கட்டிய சரம் ஈரம் காய்ந்ததும் விறைத்து முடியை மாட்டும். நூலில் கட்டியதாகக் கேட்டு வாங்குங்கள். எறும்பு இருக்கிறதா என்று ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டு வையுங்கள். ஊக்கு, ஹேர்பின் வேண்டாம். பேண்டுக்குள் செருகினால் நிற்கும்.

தலை காய சாம்பிராணி போடலாமா? ஹேர் டிரையர்?

சாம்பிராணிப் புகை சின்ன நுரையீரலை உறுத்தும். இழுப்பு, சளி உள்ள குழந்தைக்கு அறவே கூடாது. பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் இந்த ஊர்க் காற்றில் சீக்கிரமே காய்ந்துவிடும். துண்டால் பரபரவென்று தேய்ப்பதும் சிக்குக்கு ஒரு காரணம். டிரையர் தவிர்க்க முடியாதென்றால் குளிர்காற்றில் மட்டும், ஒரு முழம் தள்ளி.

தலையில் சோறு, மிட்டாய், சூயிங்கம்...

காய்ந்த சோற்றையும் பாகையும் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்தால் இளகிவிடும். சூயிங்கம்முக்குத் தண்ணீர் ஆகாது. தேங்காய் எண்ணெயைத் தடவி விரலால் உருட்டிக்கொண்டே இருந்தால் முடியைவிட்டு நழுவும். ஒட்டுப்புல் மாட்டினாலும் எண்ணெய்தான்.

பேன் இருக்கிறது. கற்பூரத்தை எண்ணெயில் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் ஏறும். குழந்தை நக்கினாலோ விழுங்கினாலோ கொஞ்சம் போதும், வலிப்பு வரும். சீதாப்பழ விதைப்பொடியும் கூடாது. கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பேன் குதிக்காது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து வரும். ஈரத் தலையில் கண்டிஷனர் நிறையத் தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை பகுதி பகுதியாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் ஒருமுறை எடுத்து நிறுத்தினால் பயனில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம். வீட்டில் எல்லோரும் அதே நாளில் பாருங்கள். மருந்து லோஷன் தேவைப்பட்டால் குழந்தை மருத்துவர் சொல்கிறதை, அவர் சொல்கிற அளவில்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

வட்டமாகச் செதிலோடு முடி உடைந்து சொட்டை விழுந்தால் அது தலையில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். மேலே தடவும் களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். வழவழவென்று திடீர்ச் சொட்டை, சீழ்க் கொப்புளம், தொட்டாலே பொடியாக ஒடியும் முடி, எந்நேரமும் சொறிதல் ஆகியவற்றுக்கும் தாமதிக்க வேண்டாம்.

சீவியபின் உதிர்ந்த முடியைப் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் இது இன்னும் முக்கியம். நீளமான ஒற்றை முடி கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நிற்கும். காரணமே தெரியாமல் வீறிட்டு அழும் கைக்குழந்தையின் விரல்களை முதலில் பாருங்கள்.

பால்வாடிக்குக் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. எதை விடலாம்?

உச்சி, பக்கவாட்டு எல்லாவற்றையும் விடலாம். நெற்றியோரத்து வேரை நனைத்து, முன்முடியைக் கண்ணில் விழாமல் ஒதுக்கி ஒரு பேண்ட். பிடரியில் விரலை ஓட்டிப் பார்த்து, திரளத் தொடங்கியிருந்தால் அதை மட்டும் பிரித்துவிடுங்கள். மற்றதைச் சாயங்காலம் குளித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.